குழந்தைகள் இல்லத்துக்கு நன்கொடையா? 'எத்தனை மாதம் தாங்கும்?' என்று முதலில் கேளுங்கள்

டெல்லி ராஜீவ் சவுக் மெட்ரோ நிலையத்திலிருந்து மேலே ஏறி வந்தால், கையில் டேப்லெட்டோடு யாராவது ஓர் இளைஞர் உங்களை நிறுத்த நல்ல வாய்ப்பு இருக்கிறது. "சர், தோ மினட்..." என்று ஆரம்பித்து, தெருவோரக் குழந்தைகள், அவர்களின் படிப்பு, மாதாமாதம் ஒரு சிறு தொகை, ஆட்டோ டெபிட் என்று பேச்சு போகும். நம்மில் கொஞ்சம் உஷாரான ஆட்கள் உடனே ஒரு கேள்வி கேட்போம்: "நான் கொடுக்கிற 100 ரூபாயில் குழந்தைக்கு எவ்வளவு போய்ச் சேரும்?"

கேள்வி நியாயமானதுதான். ஆனால், இந்தக் கேள்வியை மட்டும் கேட்டே நாம் பல அமைப்புகளை பலவீனமாக்கி வைத்திருக்கிறோம். அதற்குப் பக்கத்தில் இன்னொரு கேள்வியும் வேண்டும்: நாளைக்கே வருகிற பணம் நின்றுபோனால், இந்த இல்லத்தின் கதவு எத்தனை மாதம் திறந்திருக்கும்? அந்த எண்ணைத் தெரிந்துவைத்திருக்கும் நிர்வாகக் குழு அங்கே இருக்கிறதா?

இது கற்பனையான பயம் இல்லை. டெல்லி உட்பட நாடு முழுக்க, 2023-ல் இது நடந்தது.

1098: ஒரே வாசல் வழியாக வந்த பணம்

முதலில் கொஞ்சம் பின்னணி. மீரா நாயர் இயக்கிய 'சலாம் பாம்பே' படம் 1988-ல் வந்தது. தெருவில் வாழும் குழந்தைகளே நடித்த படம். அதன் வருமானத்தில் தொடங்கியதுதான் சலாம் பாலக் அறக்கட்டளை. டெல்லியில் அதன் முதல் முகவரி, புதுடெல்லி ரயில் நிலையத்தில் இருந்த ரயில்வே போலீஸ் நிலையத்தின் திறந்த பால்கனி. 25 குழந்தைகள், மூன்று ஊழியர்கள், அவ்வளவுதான். வீட்டை விட்டு ஓடிவந்து பஹாட்கஞ்ச் பக்கம் ஒதுங்கும் குழந்தைகளுக்கு அந்த அமைப்பின் பெயர் பல வருடங்களாகப் பரிச்சயம்.

அடுத்தது 1098. ஆபத்தில் இருக்கும் குழந்தைகளுக்கான இந்த இலவசத் தொலைபேசி எண், 1996-ல் மும்பையில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் ஒரு திட்டமாக, ஜெரூ பில்லிமோரியாவின் முயற்சியில் தொடங்கியது. பிறகு சைல்டுலைன் இந்தியா ஃபவுண்டேஷன் என்ற தனி அமைப்பாகி, 500-க்கும் அதிகமான மாவட்டங்களுக்குப் பரவியது. போனை எடுத்த பிறகு நேரில் ஓடிப்போய்க் குழந்தையை மீட்டது யார்? அந்தந்த ஊரில் இருந்த கூட்டாளி தொண்டு நிறுவனங்கள். டெல்லியில் சலாம் பாலக் போன்ற அமைப்புகள் இந்த வேலையைச் செய்தன. பணம் முக்கியமாக மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகத்திலிருந்து வந்தது.

2022-ல் 'மிஷன் வாத்ஸல்யா' திட்டத்தின் வழிகாட்டு நெறிமுறைகள் வந்தன. 1098-ஐ மாநில, மாவட்ட நிர்வாகங்களே நடத்தும், அவசர உதவி எண் 112-உடன் இணைக்கப்படும் என்று முடிவானது. 2023-ல் மாநிலம் மாநிலமாக அது அமலுக்கு வந்தது. கால் நூற்றாண்டாக இதை நடத்திய அமைப்பும் அதன் கூட்டாளிகளும் வெளியே வந்தார்கள்.

அரசே நேரடியாக நடத்துவது நல்லதா, தொண்டு நிறுவனம் நடத்துவது நல்லதா என்பது தனி விவாதம். இரண்டு பக்கமும் வலுவான வாதங்கள் உண்டு. கணக்குப் பார்வையில் மட்டும் பார்த்தால் விஷயம் எளிமையானது. ஒரே நன்கொடையாளர், ஒரே கொள்கை முடிவு. ஊழல் இல்லை, புகார் இல்லை, வேலை மோசம் என்றுகூட யாரும் நிரூபிக்கத் தேவையில்லை. ஒரு திட்டத்தின் பெயர் மாறினால் போதும், வருமானத்தின் ஒரு வரி காணாமல் போகும்.

இதற்கு நேர் எதிராக ஒரு சின்ன உதாரணமும் சலாம் பாலக்கிடமே இருக்கிறது. தெருவில் வளர்ந்து பிறகு அந்த இல்லத்தில் படித்த இளைஞர்கள், சுற்றுலாப் பயணிகளை பஹாட்கஞ்ச் சந்துகள் வழியாக அழைத்துச் செல்லும் 'சிட்டி வாக்'. டெல்லிக்கு வரும் வெளிநாட்டுப் பயணிகள் மத்தியில் பிரபலம். டிக்கெட் வாங்கிக்கொண்டு நடக்கிற ஒருவர், "இந்தப் பணத்தை இந்தத் தலைப்பில்தான் செலவழிக்க வேண்டும், மார்ச் 31-க்குள் ரிப்போர்ட் கொடுங்கள்" என்று சொல்ல மாட்டார் இல்லையா? தொகை சிறியதாக இருந்தாலும் நிபந்தனை இல்லாத பணத்துக்குத் தனி மதிப்பு உண்டு.

எப்படிக் கணக்குப் போடுவது?

உதாரணத்துக்கு ஓர் இல்லத்தை எடுத்துக்கொள்வோம். (இது விளக்கத்துக்காக நானே போட்ட கணக்கு, எந்த அமைப்புடையதும் அல்ல.) வருடச் செலவு 1.2 கோடி ரூபாய். அதாவது, மாதம் 10 லட்சம். வருட முடிவில் வங்கியில் 60 லட்சம் இருக்கிறது. ஆண்டறிக்கையைப் புரட்டும் எவருக்கும், "அடேங்கப்பா, ஆறு மாதம் தாங்குமே" என்று தோன்றும்.

இப்போது இருப்புநிலைக் குறிப்பின் பின்னிணைப்புகளைப் பாருங்கள். அந்த 60 லட்சத்தில் 45 லட்சம் ஒரு கம்பெனி கம்ப்யூட்டர் லேப் கட்டக் கொடுத்தது. அதை எடுத்து சமையல்காரருக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. கொடுத்தால் அது விதிமீறல். மீதி 15 லட்சம்தான் சுதந்திரமான பணம். 15-ஐ 10-ஆல் வகுத்தால் ஒன்றரை. இந்த இல்லத்தின் ஆயுள் ஆறு மாதம் இல்லை, ஒன்றரை மாதம்.

தணிக்கை அறிக்கையில் 'நிபந்தனைக்கு உட்பட்ட நிதி', 'பொது நிதி' என்று இரண்டும் தனித்தனியாகக் காட்டப்பட்டிருக்கும். பொது நிதியை மட்டும் எடுத்து மாதச் செலவால் வகுத்தால் உங்களுக்கு வேண்டிய எண் வந்துவிடும். ஒரு எக்செல் ஷீட்கூடத் தேவையில்லை.

சரி, அப்படியானால் ஏன் யாரும் சேமிப்பதில்லை? பொறுப்பில்லாமையா? சில இடங்களில் இருக்கலாம். ஆனால், நம் சட்டமும் நம் மனநிலையும் சேர்ந்தே சேமிப்பைச் சந்தேகத்தோடுதான் பார்க்கின்றன.

வருமான வரிச் சட்டத்தின்படி, வரிவிலக்கு பெறும் ஓர் அறக்கட்டளை தன் வருமானத்தில் 85 சதவீதத்தை அதன் நோக்கங்களுக்காகச் செலவிட வேண்டும். நிபந்தனை இன்றி ஒதுக்கிவைக்க முடிவது 15 சதவீதம். அதற்கு மேல் சேர்க்க வேண்டுமானால், குறிப்பிட்ட காரணம் சொல்லி, ஐந்து வருடங்களுக்குள் செலவிடுவதாகத் தெரிவிக்க வேண்டும். நம் உதாரண இல்லத்தின் வருமானமும் 1.2 கோடிதான் என்று வைத்துக்கொண்டால், வருடத்துக்கு அதிகபட்சம் 18 லட்சம். ஒவ்வொரு வருடமும் ஒரு ரூபாய் விடாமல் சேர்த்தாலும் ஆறு மாதக் கையிருப்பை எட்ட மூன்று வருடங்களுக்கு மேல் ஆகும். அதுவும் காகிதத்தில்தான். நன்கொடையாளர்கள் செலவாகாத பணத்தைத் திரும்பக் கேட்கும்போது அந்த 15 சதவீதம் எங்கிருந்து வரும்?

சிஎஸ்ஆர் பணமும் இங்கே உதவாது. 2021 ஜனவரிக்குப் பிறகு, ஒரு கம்பெனி ஓர் அறக்கட்டளையின் மூலதன நிதிக்கு, அதாவது கார்பஸ் நிதிக்கு, கொடுக்கும் பணம் சிஎஸ்ஆர் செலவாகக் கணக்கில் வராது. கூடவே ஒரு குழப்பம். சிஎஸ்ஆர் விதிகளில் 'நிர்வாகச் செலவு 5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது' என்று இருக்கிறது. அது கம்பெனி தன் சிஎஸ்ஆர் பிரிவை நடத்த ஆகும் பொதுச் செலவுக்கான உச்சவரம்பு. ஆனால், பல கம்பெனிகள் அதே 5 சதவீதத்தைத் தொண்டு நிறுவனத்தின் தலையில் கட்டிவிடுகின்றன. நீங்கள் உங்கள் ஆபீஸின் சிஎஸ்ஆர் கமிட்டியில் இருந்தால் தயவுசெய்து அந்த விதியை ஒருமுறை படித்துப் பாருங்கள்.

கணக்காளரும் 'வீண் செலவா'?

வெளிநாட்டு நன்கொடை பெறும் அமைப்புகளுக்கு நிலைமை இன்னும் இறுக்கம். எஃப்சிஆர்ஏ எனப்படும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2020 செப்டம்பரில் திருத்தப்பட்டபோது மூன்று முக்கிய மாற்றங்கள் வந்தன. நிர்வாகச் செலவுக்கான வரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைந்தது. வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்குப் பகிர்ந்துகொடுக்கத் தடை வந்தது. மூன்றாவது, கன்னியாகுமரியில் இருக்கும் அமைப்பாக இருந்தாலும், வெளிநாட்டுப் பணம் முதலில் டெல்லி சன்சத் மார்க்கில் உள்ள ஸ்டேட் பேங்க் கிளையின் கணக்குக்குத்தான் வர வேண்டும். இந்தத் திருத்தங்களை எதிர்த்த வழக்கில், 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

20 சதவீத வரம்பை நான் முதலில் நல்லது என்றுதான் நினைத்தேன். யாருக்குத்தான் பிடிக்காது, ஏசி அறையும் பிசினஸ் கிளாஸ் டிக்கெட்டும் குறைந்தால்? ஆனால், நிர்வாகச் செலவு என்றால் என்ன என்று விதியில் தேடிப் பார்த்தால் கதை மாறுகிறது. வாடகை, மின்சாரம் மட்டும் இல்லை, கணக்கு எழுதும் செலவு, சட்ட ஆலோசனை, நிர்வாக ஊழியர் சம்பளம் எல்லாம் அதற்குள் வருகின்றன. பணத்துக்குக் காவல் இருக்கிற ஆள்தான் முதலில் 'ஓவர்ஹெட்' ஆகிறார். நல்ல அக்கவுண்டண்ட் இல்லாத இடத்தில் தவறு நடந்தால், "என்ஜிஓ என்றாலே இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம்.

அதே சட்டத்தில் இன்னொரு எண் இருக்கிறது. ஓர் அமைப்பின் எஃப்சிஆர்ஏ பதிவை விசாரணைக் காலத்தில் 180 நாட்களுக்கு நிறுத்திவைக்கலாம். தேவைப்பட்டால் மேலும் 180 நாட்கள் நீட்டிக்கலாம். ஏறக்குறைய ஒரு வருடம். குற்றம் நிரூபணமாகவில்லை, விசாரணைதான் நடக்கிறது. ஆனாலும் புதிய வெளிநாட்டுப் பணம் உள்ளே வராது. கையில் இருப்பதிலும் ஒரு பகுதியைத்தான் முன் அனுமதியோடு தொடலாம். ஒன்றரை மாதக் கையிருப்போடு ஒரு வருட விசாரணையை எப்படித் தாண்டுவது?

லண்டனில் ஏழு நாள்

கையிருப்பு இல்லாத ஒரு பெரிய அமைப்பு எப்படி விழும் என்பதற்கு, உலகம் முழுக்க எடுத்துக்காட்டும் வழக்கு லண்டனின் 'கிட்ஸ் கம்பெனி'. 1996-ல் கமிலா பேட்மேங்கெலிட்ஜ் தொடங்கியது. வறுமையிலும் வன்முறையிலும் சிக்கிய சிறுவர்களும் இளைஞர்களும் நேராக உள்ளே நடந்து வரலாம் என்பதுதான் அதன் கவர்ச்சி. பிரதமர்கள் பாராட்டினார்கள். பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகத்தின் கணக்குப்படி, குறைந்தது 4.6 கோடி பவுண்ட் பொதுப் பணம் அதற்குப் போயிருக்கிறது.

2013-ம் ஆண்டுக் கணக்கில் அதன் வருமானம் சுமார் 2.3 கோடி பவுண்ட். செலவும் கிட்டத்தட்ட அவ்வளவே. கையிருப்பு நாலரை லட்சம் பவுண்டுக்கும் குறைவு. மேலே சொன்ன வகுத்தலைச் செய்து பாருங்கள்: ஏழு நாள். இருபது வருடப் புகழ் கொண்ட அமைப்பு, ஒரு வாரத்துக்கு மேல் தாங்காது.

2015 கோடையில் பணம் தீர்ந்தது. மேலும் 30 லட்சம் பவுண்ட் கொடுப்பது சரியல்ல என்று அதிகாரிகள் ஆட்சேபித்தார்கள். அமைச்சர்கள் எழுத்துபூர்வமாக உத்தரவிட்டுக் கொடுக்க வைத்தார்கள். ஜூலை 30-ல் பணம் வந்தது. அதே நாளில், அங்கு குழந்தைகளுக்கு எதிராகக் குற்றங்கள் நடந்ததாகச் சொல்லப்படுவது குறித்து போலீஸ் விசாரிப்பதாகச் செய்தி வெளியானது. நன்கொடையாளர்கள் பின்வாங்கினார்கள். ஆகஸ்ட் 5-ல் மூடப்பட்டது.

இதற்குப் பிறகு நடந்தவை பலருக்குத் தெரியாது. போலீஸ் விசாரணையில் குற்றத்துக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அறங்காவலர்களைத் தகுதிநீக்கம் செய்யக் கோரிய வழக்கை 2021 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அந்தப் புகார் மட்டும் வந்திருக்காவிட்டால் அமைப்பு பிழைத்திருக்கும் வாய்ப்பே அதிகம் என்றும் நீதிபதி சொன்னார். ஆனால் 2022-ல் வந்த சாரிட்டி கமிஷன் அறிக்கை, ஊழியர்களுக்கும் வரித்துறைக்கும் திரும்பத் திரும்பத் தாமதமாகப் பணம் கொடுத்ததை நிர்வாகச் சீர்கேடு என்றே குறிப்பிட்டது.

நீதிமன்றமும் கமிஷனும் முரண்படுவதுபோல் தெரியும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. யாரும் திருடவில்லை, யாரும் அயோக்கியர் இல்லை என்பது உண்மையாக இருக்கலாம். ஆனாலும், நிரபராதி என்று நிரூபிக்க அந்த அமைப்புக்குத் தேவைப்பட்டது பல மாதங்கள். கையில் இருந்தது ஏழு நாள்.

அப்போது நிர்வாகக் குழு என்ன செய்துகொண்டிருந்தது? தலைவர் ஆலன் யென்டோப், பிபிசியின் மூத்த நிர்வாகி. 2003-லிருந்து கடைசி வரை அவரே தலைவர். இளைஞர் நலப் பணியிலோ உளவியல் சிகிச்சையிலோ அனுபவம் உள்ளவர் அறங்காவலர்களில் ஒருவர்கூட இல்லை என்று நாடாளுமன்றக் குழு 2016-ல் சுட்டிக்காட்டியது. கையிருப்பை வளர்க்க வேண்டும் என்று கணக்கறிக்கைகள் வருடா வருடம் எழுதின. கூட்டம் முடிந்ததும் எல்லோரும் நிறுவனரின் முகத்தைப் பார்த்தார்கள். வாசலில் நிற்கும் குழந்தையைத் திருப்பி அனுப்பு என்று அவரிடம் யார் சொல்வது?

டெல்லியில் யார் பார்க்கிறார்கள்?

பிரிட்டனில் குறைந்தபட்சம் அந்த ஏழு நாள் கணக்கு வெளியே கிடந்தது. எந்த அறக்கட்டளையின் கணக்கையும் சாரிட்டி கமிஷன் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். டெல்லியில்?

மகாராஷ்டிரத்தில் அறக்கட்டளை ஆணையர் இருக்கிறார். தமிழ்நாட்டுக்கு 1975-ம் ஆண்டின் தனிச் சங்கப் பதிவுச் சட்டம் உண்டு, அதன்படி சங்கங்கள் வருடாந்திரக் கணக்கைப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். டெல்லியில் ஒரு சங்கம் பதிவாவது 1860-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ். அந்தச் சட்டம் வருடா வருடம் கேட்பது நிர்வாகக் குழு உறுப்பினர்களின் பட்டியலை மட்டுமே. கணக்கை அல்ல. பொது அறக்கட்டளைகளுக்கென்று தனி ஆணையர் இங்கே இல்லை. தலைநகரில்தான் இந்த ஓட்டை என்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

நாடு முழுக்க நிலைமை எப்படி? 31 லட்சத்துக்கும் அதிகமான தொண்டு அமைப்புகள் பதிவாகி இருப்பதாகவும், கணக்குத் தாக்கல் செய்வது 10 சதவீதத்துக்கும் குறைவானவை என்றும் உச்ச நீதிமன்றத்தில் சிபிஐ 2015-ல் தெரிவித்தது.

கணக்கு சரியாக இருந்தாலும் அது பாதிதான். பிஹார் மாநிலம் முசாஃபர்பூரில் அரசு நிதியில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய சிறுமியர் காப்பகத்தை நினைத்துப் பாருங்கள். 2018-ல் டாட்டா சமூக அறிவியல் நிறுவனக் குழு மாநிலத்தின் 110 காப்பகங்களுக்கு நேரில் போய் குழந்தைகளிடம் பேசிய பிறகுதான், அங்கு நடந்த பாலியல் கொடுமைகள் வெளியே வந்தன. அதுவரை அரசுப் பணம் தொடர்ந்து போய்க்கொண்டிருந்தது. உச்ச நீதிமன்ற உத்தரவால் வழக்கு டெல்லி சாகேத் நீதிமன்றத்துக்கு மாறியது. 2020-ல் 19 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. ரசீதுகளைச் சரிபார்க்கும் ஆடிட்டர் குழந்தையிடம் பேச மாட்டார். அது அவர் வேலையும் இல்லை. நிறுவனரின் உறவினர்களும் நண்பர்களும் மட்டுமே உட்கார்ந்திருக்கும் குழுவில் அந்த வேலையை வேறு யாரும் செய்யவும் மாட்டார்கள்.

நம்மைப் போன்ற டேட்டா ஆட்களுக்கு இன்னொரு சிக்கல். எஃப்சிஆர்ஏ அமைப்புகளின் ஆண்டுக் கணக்குகள் முன்பு உள்துறை அமைச்சகத்தின் இணையதளத்தில் திறந்தே இருந்தன. 2022 ஜூலையில் அவை நீக்கப்பட்டன. தொண்டு நிறுவனங்கள் ஒளிவுமறைவின்றி இருக்க வேண்டும் என்று சொல்லும் அதே அரசு, இருந்த ஜன்னலையும் மூடியது.

இருந்தாலும் சில வழிகள் இருக்கின்றன. அமைப்பு 'செக்‌ஷன் 8 கம்பெனி'யாகப் பதிவாகி இருந்தால், கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் 100 ரூபாய் கட்டி அதன் கணக்குகளைப் பார்க்கலாம். சங்கமாகவோ டிரஸ்டாகவோ இருந்தால், தணிக்கையான கணக்கை நேரடியாகக் கேளுங்கள். நல்ல அமைப்புகள் தங்கள் இணையதளத்திலேயே போட்டுவைக்கின்றன. கிடைத்ததும் நேராகப் பொது நிதி வரிக்குப் போங்கள், பிறகு மிகப் பெரிய நன்கொடையாளரின் பங்கு எத்தனை சதவீதம் என்று பாருங்கள். பாதிக்கு மேல் என்றால் 1098-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். நிர்வாகக் குழுவில் ஒரே குடும்பப் பெயர் எத்தனை முறை வருகிறது, தலைவர் எத்தனை வருடமாகத் தலைவர், குழந்தைகளோடு வேலை செய்த அனுபவம் யாருக்கு இருக்கிறது என்பதையும் பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

'80ஜி சர்டிபிகேட் இருக்கிறதே' என்பதை நல்ல நிர்வாகத்தின் அத்தாட்சியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அது வருமான வரித்துறையின் அங்கீகாரம், அவ்வளவே. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு அந்தச் சலுகையும் கிடையாது. எண்கள் திருப்தியாக இருந்து கொடுப்பது என்று முடிவெடுத்தால், "இந்தத் தலைப்புக்கு மட்டும்" என்று எழுதாமல் கொடுங்கள். கணக்காளரின் சம்பளத்துக்கு அது போனால் போகட்டும்.

அரசு நிதியில் ஓடும் இல்லமாக இருந்தால் உங்கள் கை இன்னும் ஓங்கும். அரசிடமிருந்து கணிசமான நிதி பெறும் தொண்டு நிறுவனங்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வரும் என்று 2019 செப்டம்பரில் டிஏவி கல்லூரி அறக்கட்டளை வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அமைப்பையே கேட்கலாம், அல்லது நிதி கொடுக்கும் டெல்லி பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டுத் துறையைக் கேட்கலாம்: கடந்த மூன்று வருடங்களில் எவ்வளவு கொடுத்தீர்கள், எந்தத் தேதியில் கொடுத்தீர்கள், ஆய்வுக் குழு எப்போது போனது, குழந்தைகளிடம் தனியாகப் பேசினார்களா? கட்டணம் 10 ரூபாய். பதில் சொல்ல அவர்களுக்கு 30 நாள்.